ஓய்வுக்காலச் சேமிப்பில் வரிச்சலுகை எவ்வளவு வரை? ராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரை நெடுக யாருக்கும் வருமானம் ஒரே மாதிரி வருவதில்லை. விசைப்படகு வைத்திருப்பவருக்கு ஒரு மாதம் கை நிறையப் பணம், அடுத்த மாதம் டீசல் காசுக்கே இழுபறி. வளைகுடாவில் இருப்பவருக்கு வருமானம் அங்கே, குடும்பம் இங்கே. ரயில்வே ஊழியருக்கும் ஆசிரியருக்கும் மாதச் சம்பளம். ஆனால் வயதான காலத்துக்குச் சேர்த்து வைப்பது பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள்: ஒன்றரை லட்சம். அந்த எண்ணை வைத்துத்தான் பாதிக் குழப்பமும்.

கீழே உள்ள எண்கள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை புதிய வருமான வரிச் சட்டம்தான். சேமிப்புக்கு வரிக் கழிவு தரும் பழைய 80சி பிரிவு அதில் 123ஆம் பிரிவு, வரம்பு மாறவில்லை. எல்லோர் வாயிலும் 80சி என்றே புழங்குவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒன்றரை லட்சம்தான் உச்சவரம்பு என்கிறார்கள். எதற்கு உச்சவரம்பு?

இங்கே மூன்று வரம்புகள் இருக்கின்றன. மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலாவது, ஒரு கணக்கில் ஓராண்டில் எவ்வளவு போடலாம் என்பது. பிபிஎஃப் எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதியில் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். பெண் குழந்தைக்கான செல்வமகள் திட்டத்தில் குறைந்தது 250, அதிகபட்சம் 1.5 லட்சம். என்பிஎஸ் எனப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் மேல்வரம்பே கிடையாது.

இரண்டாவது, போட்ட பணத்தில் எவ்வளவை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம் என்பது. 80சி-யில் எல்லாம் சேர்த்து 1.5 லட்சம். 2014 பட்ஜெட்டில் 1 லட்சத்திலிருந்து உயர்ந்தது, அதன் பிறகு அசையவில்லை. பிபிஎஃபில் 1.5 லட்சம், செல்வமகளில் 1.5 லட்சம் என 3 லட்சம் போடலாம், தவறில்லை. கழிவு மட்டும் 1.5 லட்சத்துக்குத்தான்.

மூன்றாவது, அந்தப் பணம் வளர்ந்து வருவதில் எவ்வளவுக்கு வரி இல்லை என்பது. இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் மூன்றிலும் முக்கியமாகப் படுகிறது. பிபிஎஃப் வட்டி இப்போது 7.1 சதவீதம், அதற்கு முழுக்க வரி இல்லை. 80சி கழிவு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இல்லை.

இரண்டாவது வரம்பில் இன்னொரு சிக்கல், 80சி என்பது ஓய்வுக்காலச் சேமிப்புக்கு மட்டும் ஒதுக்கிய இடம் அல்ல. ஒருவருடைய ரசீதுகளை அடுக்கிப் பார்ப்போம்: ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் 38,000, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 42,000, வீட்டுக் கடனில் அசல் 60,000. பிஎஃப், பிபிஎஃப் பக்கம் வருவதற்கு முன்பே 1,40,000 ஆகிவிட்டது. மிச்சம் 10,000 ரூபாய்க்குத்தான் இடம். இது தெரியாமல் "வரிக்காக" என்று மார்ச் கடைசியில் 1.5 லட்சத்தைக் கடன் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து ரசீதுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கூடுதலாக 50,000 உண்டு என்கிறார்களே?

உண்டு. 80சிசிடி(1பி) என்ற பிரிவு. 2015-16இலிருந்து நடப்பில் இருக்கிறது. என்பிஎஸ்-இல் நீங்களே போடும் பணத்தில் 50,000 வரை, அந்த ஒன்றரை லட்சத்துக்கு வெளியே கழித்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்த்து 2 லட்சம். இரண்டுமே, இந்தக் கழிவுகளை அனுமதிக்கும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்.

சம்பளக்காரர் அல்லாதவருக்கு என்பிஎஸ்-இல் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மொத்த வருமானத்தில் 20 சதவீதம் வரை கழிக்கலாம், ஆனால் அது 1.5 லட்சத்துக்குள் அடக்கம். ஆண்டு வருமானம் 6 லட்சம் என்றால் 20 சதவீதம் 1,20,000, அதற்கு மேல் தனியாக அந்த 50,000.

மீன்பிடி வருமானமும் விவசாயம் மாதிரிதானே, அதற்கு ஏது வரி?

இல்லை அண்ணே. நிலத்தில் பயிர் செய்து வருவதுதான் சட்டத்தில் விவசாய வருமானம். கடலில் பிடிக்கும் மீன், இறால், நண்டு, கணவாய் எல்லாம் தொழில் வருமானம். கடல்நீரைப் பாய்ச்சி எடுக்கும் உப்பும் அப்படியே. வாலிநோக்கம் பக்கம் உப்பளம் வைத்திருப்பவர் "நிலத்திலிருந்துதானே வருகிறது" என்று வாதாட முடியாது. உச்சிப்புளி தென்னந்தோப்பில் வரும் தேங்காய்ப் பணம் விவசாய வருமானம், அதற்கு வரி இல்லை.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. தொழில் வருமானம் என்பதால் மேலே சொன்ன 20 சதவீதக் கணக்கில் மீன் வருமானமும் சேரும். கருவாட்டு வியாபாரம் போன்றவற்றுக்கு ஓராண்டு விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால் அனுமான வரித் திட்டத்தில் போகலாம். வங்கி வழியாக வந்த தொகையில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். 80 லட்சம் விற்றுமுதல், எல்லாம் வங்கி வழி என்றால் வருமானம் 4.8 லட்சம்.

எனக்கு வருடத்துக்கு 9 லட்சம் வருமானம். ஒன்றரை லட்சமும் ஐம்பதாயிரமும் போட்டால் வரி குறையுமா?

குறையாது. கேட்டவர் பலருக்கு நம்பிக்கை வரவில்லை, அதனால் கணக்காகவே எழுதிவிடுகிறேன்.

2023-24 முதல், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய வரி முறைதான். அதில் 80சி கழிவு இல்லை, என்பிஎஸ் 50,000-உம் இல்லை. ஆனால் 2025-26இல் உள்நாட்டில் வசிப்பவருக்கு 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். உங்கள் 9 லட்சம் தொழில் வருமானத்துக்கு ஒரு ரூபாய் வரி இல்லை, சேமித்தாலும் சேமிக்காவிட்டாலும்.

இதே 9 லட்சத்தைப் பழைய முறையில் காட்டுங்கள். 2 லட்சம் முழுக் கழிவு போக 7 லட்சம். முதல் 2.5 லட்சத்துக்கு வரி இல்லை, 5 லட்சம் வரை 12,500, மீதி 2 லட்சத்துக்கு 20 சதவீதம் 40,000. ஆக 52,500, அதன் மேல் 4 சதவீதம் செஸ், மொத்தம் 54,600. சேமிப்பை முழுசாகக் காட்டியும் பழைய முறையில் வரி கட்ட வேண்டியிருக்கிறது.

15 லட்சம் சம்பளம் வாங்குபவருக்கும் நிலை இதுதான். புதிய முறையில் 75,000 நிலையான கழிவு போக வரி 97,500. பழைய முறையில் 50,000 நிலையான கழிவும் 2 லட்சம் சேமிப்புக் கழிவும் போக 1,95,000. வீட்டு வாடகைப்படி, வீட்டுக் கடன் வட்டி என்று பெரிய கழிவுகள் இருந்தால்தான் பழைய முறையைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். நிலம் விற்ற லாபம், ஷேர் லாபம் போல் தனி விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. அப்புறம், சம்பளக்காரர் ஆண்டுக்கு ஆண்டு முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக வேண்டுமானால் கெடு தேதிக்குள் படிவம் 10-ஐஇஏ தாக்கல் செய்ய வேண்டும், அப்படிப் போனவர் புதிய முறைக்கு ஒரே ஒரு தடவைதான் திரும்ப முடியும். ஆடிட்டரிடம் உட்கார்ந்து முடிவெடுங்கள்.

வரியே குறையாது என்றால் எதற்காக அதில் பணத்தை முடக்க வேண்டும்?

அறுபது வயதுக்கு மேல் கடலுக்குப் போக முடியாது என்பதற்காக. வரிச்சலுகை இல்லை என்று தெரிந்ததும் பிபிஎஃப் கணக்கில் பணம் போடுவதையே நிறுத்திவிடுகிறார்கள், அதைப் பார்க்கத்தான் வருத்தமாக இருக்கிறது. போடும்போது கழிவு இல்லாவிட்டாலும் அதில் வரும் வட்டிக்கும், 15 ஆண்டு முடிந்து எடுக்கும் பணத்துக்கும் புதிய முறையிலும் வரி கிடையாது. வங்கி டெபாசிட் வட்டி அப்படி இல்லை, அது வருமானத்தோடு சேரும்.

இந்தக் கரையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. படகுக்கும் வலைக்கும் முன்பணம் வாங்கிக் கடனில் இருப்பவர்கள் நிறையப் பேர். பிபிஎஃபில் இருக்கும் பணத்தைக் கடன் வழக்கில் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது. வருமான வரி பாக்கிக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. கடன்காரர் கைக்கு எட்டாத பணம் வீட்டில் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

பணம் ஒரேயடியாக முடங்கிவிடும் என்ற பயமும் வேண்டாம். மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை அதன் பேரில் கடன் வாங்கலாம், ஏழாம் ஆண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். என்பிஎஸ் இவ்வளவு இளகாது. அறுபது வரைக்குமான பணம் என்று நினைத்துத்தான் அதில் போட வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் பணம் இருக்காது. எப்போது போடுவது?

நிதியாண்டு ஏப்ரல் 1-இல் பிறக்கிறது, ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். ஆண்டு பிறந்த கையோடு இந்த இரண்டு மாதம் விசைப்படகுக்காரருக்கு வரவு கிடையாது, படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கும் செலவு வேறு. அதனால் ஏப்ரலில் மொத்தமாகப் போடுங்கள் என்ற பொதுவான அறிவுரை இங்கே செல்லாது. தடை முடிந்து இறால் நன்றாகப் படும் மாதங்களில் கிடைத்ததைப் போடுங்கள். பிபிஎஃபில் தவணை கட்டாயம் இல்லை, இவ்வளவுதான் போட வேண்டும் என்றும் இல்லை.

தேதி மட்டும் கவனம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 1.5 லட்சத்தை 5ஆம் தேதி போட்டால் அந்த மாதத்துக்கு 887 ரூபாய் சொச்சம் வட்டி, 6ஆம் தேதி போட்டால் அந்த மாதத்துக்கு ஒன்றும் இல்லை. செக் கொடுத்தால் பணம் வசூலான தேதிதான் கணக்கு. மார்ச் 30-ஆம் தேதி போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நின்று செக் கொடுத்து, அது ஏப்ரலில் வசூலானால் அந்தத் தொகை அடுத்த ஆண்டு வரம்பில் போய்விடும். பாஸ்புக்கில் பதிவான தேதியை அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

மனைவி பெயரிலும் பிள்ளை பெயரிலும் தனித்தனியாக ஒன்றரை லட்சம் போடலாமா?

மனைவி பெயரில் போடலாம். அவர் தனி நபர், அவருக்குத் தனி வரம்பு. பிள்ளை விஷயம் வேறு. மைனர் பிள்ளைக்கு நீங்கள் காப்பாளராக இருந்து தொடங்கிய பிபிஎஃப் கணக்கும் உங்கள் கணக்கும் சேர்த்தே 1.5 லட்சம். இரண்டிலும் தலா 1.5 லட்சம் போட்டால் பாதிப் பணத்துக்கு வட்டி வராது. பெண் குழந்தைக்குப் பத்து வயதுக்குள் செல்வமகள் கணக்கு தொடங்கினால் அதற்கு வரம்பு தனி, வட்டியும் 8.2 சதவீதம்.

2016-இல் பிபிஎஃப் கணக்கு தொடங்கிவிட்டு துபாய் வந்துவிட்டேன். தொடர்ந்து போடலாமா?

போடலாம். வெளிநாட்டில் வசிப்பவர் புதிதாகத் தொடங்க முடியாது, ஊரில் இருந்தபோது தொடங்கியதை 15 ஆண்டு முதிர்வு வரை நடத்தலாம், அதே 1.5 லட்ச வரம்பில். முதிர்ந்த பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கும் வசதி உங்களுக்கு இல்லை. நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதை வங்கிக்கோ தபால் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வரிச்சலுகை என்றால், வளைகுடாச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லாதபோது கழிக்கவும் எதுவும் இல்லை. ஊரில் கடை வாடகை, வீட்டு வாடகை வருகிறவர்தான் யோசிக்க வேண்டும். முக்கியமான ஒன்று: 12 லட்சம் வரை வரி இல்லை என்ற தள்ளுபடி வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது. புதிய முறையில் அவருக்கு 4 லட்சத்துக்கு மேல் வரி தொடங்கிவிடும். ஊரில் இருக்கும் தம்பிக்கு வரி வரவில்லை, எனக்கு மட்டும் ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

வாப்பாவுக்கு 61 வயது. சவுதி வேலையை முடித்து 25 லட்சம் செட்டில்மென்ட் பணத்தோடு ஊருக்கே வந்துவிட்டார். எதில் போடலாம்?

அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இதற்குப் பொருந்தும். 60 வயதுக்கு மேல், உள்நாட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும். வரம்பு 30 லட்சம், 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். வட்டி 8.2 சதவீதம், காலாண்டுக்கு ஒரு முறை கைக்கு வரும். 25 லட்சத்துக்கு ஆண்டுக்கு 2,05,000, காலாண்டுக்கு 51,250. காலம் 5 ஆண்டு. முதல் ஆண்டுக்குள் கணக்கை மூடினால் வட்டியே கிடைக்காது. அதனால் மருத்துவச் செலவுக்கு ஒரு தொகையை வெளியே வைத்துக்கொண்டு மீதியைப் போடச் சொல்லுங்கள்.

80சி-யில் இதுவும் வரும், 1.5 லட்சம் வரை. ஆனால் பிபிஎஃப் போல் அல்ல, இந்த வட்டி வரிக்கு உரியது. வேறு வருமானம் இல்லாதவருக்கு வரி வராது. ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் முன்கூட்டியே வரி பிடிப்பார்கள், அதனால் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

மார்க்கப்படி வட்டி எங்களுக்கு வேண்டாம். வேறு வழி இருக்கிறதா?

கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். பிபிஎஃப், செல்வமகள், மூத்த குடிமக்கள் திட்டம் மூன்றுமே வட்டியில் நடப்பவை. 80சி-யில் பங்குச்சந்தையில் போடும் இஎல்எஸ்எஸ் மியூச்சுவல் ஃபண்டுகளும் உண்டு, மூன்று ஆண்டு எடுக்க முடியாது. ஏற்றமும் இறக்கமும் உங்களுடையது. ஆனால் அந்த ஃபண்டுகள் வங்கிப் பங்குகளையும் வாங்கும். என்பிஎஸ்-இல் பங்குப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும் கடைசியில் ஒரு பகுதியை மாத ஓய்வூதியம் தரும் திட்டத்தில் போட்டாக வேண்டும். இவற்றில் எது கூடும், எது கூடாது என்பதை உங்கள் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். புதிய முறையில் 12 லட்சத்துக்குள் இருப்பவர் வரிச்சலுகைக்காக மனதுக்கு ஒவ்வாததில் பணம் போட வேண்டிய கட்டாயமே இல்லை.

சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கிறார்கள். கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாமா?

சொல்லலாம். கட்டாயம் 12 சதவீதம், அதற்கு மேல் விருப்பப்பட்டுப் பிடிக்கச் சொல்லலாம். 2021-22 முதல், உங்கள் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி உண்டு. நிறுவனத்தின் பங்கே இல்லாத அரசு ஊழியர் பொது வைப்பு நிதிக்கு இந்த வரம்பு 5 லட்சம். நிறுவனம் உங்களுக்காக பிஎஃப், என்பிஎஸ் எல்லாம் சேர்த்து 7.5 லட்சத்துக்கு மேல் போட்டால் அதிகப்படியானது உங்கள் சம்பளமாகக் கருதப்படும். இங்கே சிலருக்குத்தான் அந்த நிலை வரும்.

எல்லோருக்கும் உதவுவது வேறொன்று. நிறுவனம் உங்கள் பெயரில் என்பிஎஸ்-இல் போடும் பணம், அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 14 சதவீதம் வரை, புதிய முறையிலும் கழிவு. புதிய முறையில் மிஞ்சியிருக்கும் ஒரே பெரிய ஓய்வுக்காலச் சலுகை இது. அந்த 15 லட்சம் சம்பளக்காரரின் அடிப்படை 7.5 லட்சம் என்றால், அதில் 14 சதவீதமான 1,05,000 ரூபாயைச் சம்பளத்துக்குள்ளேயே இப்படி மாற்றி அமைத்தால் வரி 16,380 குறையும். இதை நீங்களாகப் போட முடியாது, நிறுவனம்தான் போட வேண்டும். அலுவலகத்தில் கேளுங்கள்.

கடல்பாசி எடுக்கப் போகிறேன், மாத வருமானம் கொஞ்சம்தான். எனக்கு இதெல்லாம் உண்டா?

உண்டு அக்கா, உங்களுக்கு வரி வரம்பு பற்றிய கவலையே வேண்டாம். அடல் பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம். அறுபதுக்கு மேல் மாதம் 1,000 முதல் 5,000 வரை. 5,000 வேண்டுமானால் 18 வயதில் சேர்பவருக்கு மாதம் 210, 30 வயதில் 577, 40 வயதில் 1,454. வித்தியாசத்தைப் பாருங்கள், தள்ளிப்போடுவதற்கு விலை இவ்வளவு. மாதம், காலாண்டு, அரையாண்டு என்று எப்படியும் கட்டலாம். கடலோர வருமானத்துக்கு அரையாண்டுதான் வசதி, தடைக்காலத்தில் தவணை விழாதபடி பார்த்துக்கொள்ளலாம்.

மாத வருமானம் 15,000-க்குள் இருப்பவருக்கு பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டமும் உண்டு. வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 வரை நீங்கள் கட்ட, அதே அளவு மத்திய அரசும் போடும். அறுபதுக்கு மேல் மாதம் 3,000.

படகுக் கடனுக்காக வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறேன். அடல் பென்ஷனில் சேர முடியாதா?

2022 அக்டோபர் 1 முதல் வருமான வரி செலுத்துபவர் புதிதாகச் சேர முடியாது, அதற்கு முன் சேர்ந்தவர் தொடரலாம். ரிட்டர்ன் தாக்கல் செய்வது வேறு, வரி கட்டும் கடப்பாடு இருப்பது வேறு. பூஜ்ய வரி காட்டிய ரிட்டர்ன் மட்டும் தடையாகாது. முன்பு எந்த ஆண்டிலாவது வரி கட்டியிருந்தால் தடை.

மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் கட்டும் 1,500 ரூபாயை 80சி-யில் காட்டலாமா?

முடியாது. நீங்கள் 1,500, அரசு 3,000 சேர்த்து 4,500-ஆக மீன்பாடு குறைந்த காலத்தில் திரும்பி வரும் பணம் அது. ஓய்வுக்காலச் சேமிப்பு அல்ல. ஆனாலும் கட்டாமல் விடாதீர்கள்.

தெரியாமல் வரம்புக்கு மேல் போட்டுவிட்டேன். அபராதம் உண்டா?

பிபிஎஃபில் அபராதம் இல்லை. 1.5 லட்சத்துக்கு மேல் உள்ள தொகையை வட்டி இல்லாமல் திருப்பித் தருவார்கள். அவர்களாகத் தருவார்கள் என்று காத்திருக்காமல் கண்டுபிடித்த அன்றே எழுதிக் கொடுங்கள், கிடக்கிற நாளெல்லாம் நஷ்டம் உங்களுக்குத்தான். என்பிஎஸ்-இல் அதிகமாகப் போட்டால் பணம் பத்திரமாக வளரும் இடத்திலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது, சந்தையைப் பொறுத்தது, ஆனால் விதிமீறல் இல்லை. கழிவு மட்டும் வரம்போடு நின்றுவிடும்.

போடாமல் விட்ட ஆண்டுக்குத்தான் பிபிஎஃபில் அபராதம்: ஆண்டுக்கு 50 ரூபாயும், விட்டுப்போன ஒவ்வோர் ஆண்டுக்கும் 500 ரூபாயும் கட்டினால் கணக்கு மறுபடி உயிர்பெறும். நாலைந்து வருடமாகத் தொடாமல் கிடக்கும் பாஸ்புக் வீட்டில் இருந்தால், முதிர்வுக்கு முன் அதை எடுத்துக்கொண்டு கணக்குள்ள போஸ்ட் ஆபீஸுக்கோ வங்கிக்கோ போங்கள். ஆதாரும் பான் அட்டையும் கையில் இருக்கட்டும், வாரிசு பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.